கடலடியில் காசு மூட்டை!

'புதையல்' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? பாழடைந்த மண்டபம், காவல் காக்கும் பூதம், பாதி கிழிந்த ஓலைச்சுவடி... கதைகளில் அப்படித்தான் வரும். ஆனால், நான் இப்போது சொல்லப் போவது கதை அல்ல. 1961-ஆம் ஆண்டு மார்ச் மாதம், 13 வயதும் 14 வயதும் ஆன இரண்டு அமெரிக்கப் பையன்கள் இலங்கைக் கடலில் நீந்தப் போனார்கள். போன இடத்தில் புதையல் கிடைத்தது! எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கும் வயது. வீட்டில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அது எந்த இடம் என்று முதலில் பார்ப்போம்.

ராவணன் கோட்டை

இலங்கை வரைபடத்தை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு மூலையில் கிரிந்த என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. நம் முருகன் கோயில் இருக்கும் கதிர்காமம் அங்கிருந்து வெகு தூரம் இல்லை. கிரிந்தவில் இருந்து படகு ஏறி, பத்து கிலோமீட்டருக்கும் மேல் கடலுக்குள் போனால் ஓர் இடத்தில் அலை வெள்ளையாக நுரைத்துக்கொண்டே இருக்கும். சுற்றிலும் நீலக் கடல். நடுவில் மட்டும் ஏன் நுரை? அடியில் பாறைத் தொடர் ஒன்று மறைந்து கிடக்கிறது. பாறை மேல் பவளம் பிடித்திருக்கிறது. சில இடங்களில் தண்ணீர் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் கீழேயே பாறை முளை.

மாலுமிகளின் படங்களில் இதற்கு 'கிரேட் பாஸஸ்' என்று பெயர். ஆழம் இல்லாத திட்டுகளைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. சிங்கள மக்கள் 'மகா ராவணா கோட்டுவ' என்கிறார்கள். பெரிய ராவணன் கோட்டை என்று பொருள். சற்றுத் தள்ளி, சின்ன ராவணன் கோட்டையும் உண்டு! கடலுக்குள் மூழ்கிப் போன ராவணனின் கோட்டை இது என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

இவ்வளவு ஆபத்தான இடத்துக்குக் கப்பல்கள் ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மறுபடியும் படத்தைப் பாருங்கள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே பாக் நீரிணை இருக்கிறது. ராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல் திட்டுகள். தோணி போகலாம், பெரிய கப்பல் போக முடியாது, தரை தட்டிவிடும். ஆகவே மேற்குக் கடலில் இருந்து வங்கக் கடலுக்குப் போகும் பெரிய கப்பல் எதுவானாலும் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். சுற்றும்போது அந்தத் தென்கிழக்கு மூலையில் ராவணன் கோட்டை காத்திருக்கும். இருட்டு நேரம், காற்று வேறு தள்ளினால், கேட்கவே வேண்டாம்.

1873-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அந்தப் பாறை மேலேயே ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். ஸ்காட்லாந்தில் வெட்டிய கருங்கல்லைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து கட்டிய கோபுரம் அது. 2004-ல் சுனாமி வந்தபோதும் அது விழவில்லை. ஆனால் 1873-க்கு முன்பு? அந்தக் கடலில் விளக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

யார் இந்த நீச்சல்காரர்கள்?

அந்தப் பையன்களை அழைத்துப் போனவர் மைக் வில்சன். இங்கிலாந்தில் பிறந்து இலங்கையில் குடியேறியவர். கடலுக்கடியில் படம் எடுப்பதில் வல்லவர். இவருடைய கூட்டாளியின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஆர்தர் சி. கிளார்க்! விண்வெளிக் கதைகள் எழுதிப் புகழ் பெற்றவர். பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர். உங்கள் வீட்டு மொட்டை மாடியில் டிஷ் இருந்தால் அவரை நினைத்துக்கொள்ளலாம். வானத்தைப் பற்றி எழுதிய மனிதர் 1956-ல் இலங்கைக்குக் குடிவந்ததோ கடலுக்காக. 2008-ல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

வந்த ஆண்டே இருவரும் திருகோணமலையில் மூழ்கிப் பார்த்தார்கள். திருஞானசம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலை 1620-களில் போர்த்துக்கீசியர் இடித்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. மலை உச்சியில் இருந்த கோயில்; அடியில் கடல். அந்தக் கடலடியில், கோயில் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதை இவர்கள் நேரில் பார்த்தார்கள். இன்னொரு செய்தி: மைக் வில்சன் பிற்காலத்தில் துறவியாகி, சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு, கதிர்காம முருகனின் அடியவராக வாழ்ந்தார்!

தண்ணீருக்குள் மூச்சு

மூழ்குவது நமக்குப் புதிதா என்ன? கொற்கை முத்து எங்கிருந்து வந்தது? இடுப்பில் கயிறும் காலில் கல்லும் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் குதித்தவர்கள் நம் முத்துக்குளிகாரர்கள். ஒரு நிமிடம், கொஞ்சம் கூடுதல். அதற்குள் சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்ததும் இதே 1961-ஆம் ஆண்டில்தான்.

ஆனால் ஒரு நிமிடத்தில் ஒரு கப்பலை ஆராய முடியுமா? அதற்கு உதவியது ஸ்கூபா. 1943-ல் பிரான்ஸ் நாட்டின் ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து உருவாக்கிய கருவி. முதுகில் ஒரு சிலிண்டர். அதற்குள் இருப்பது ஆக்சிஜன் என்று பலரும் சொல்வார்கள். தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள். நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருப்பார்கள். அந்த அழுத்தத்தோடு நேராக வாய்க்குள் விட்டால் நுரையீரல் என்ன ஆவது? அதனால் நடுவே ரெகுலேட்டர் என்ற கருவி இருக்கும். நாம் மூச்சை இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அவ்வளவோடு காற்றைக் கொடுக்கும்.

ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் எடை நம்மை அழுத்தும். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல இரண்டு மடங்கு. அங்கே ஒரு பலூனை ஊதிக் கட்டி மேலே விட்டால், மேலே வந்து சேரும்போது இரண்டு மடங்கு பெரிதாகி இருக்கும். உங்கள் நுரையீரலும் ஒரு பலூன்தான். அதனால்தான் ஸ்கூபா கற்றுத் தருபவர்கள் முதல் நாளிலேயே ஒரு விதியைச் சொல்லிவிடுவார்கள்: மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது, விட்டுக்கொண்டே வர வேண்டும்.

இன்னொரு வேடிக்கை, நிறம். தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடும். சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்புச் சட்டை கறுத்துத் தெரியும். விளக்கை அடித்தால் நிறம் திரும்பி வரும். கடலடிப் பவளம் புகைப்படத்தில் அவ்வளவு வண்ணமாக இருப்பதற்கு அந்த விளக்குதான் காரணம்.

கட்டி கட்டியாகக் காசு

இப்போது ராவணன் கோட்டைக்கு வருவோம். அங்கே ஆண்டு முழுவதும் மூழ்க முடியாது. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில், மார்ச் - ஏப்ரல் வாக்கில் சில வாரங்கள் மட்டுமே கடல் அடங்கும். அந்த மார்ச் மாதத்தில்தான் வில்சனும் இரண்டு பையன்களும் போனார்கள். ஆழம் அதிகமில்லை, சுமார் பத்து மீட்டர். பாறை இடுக்கில் ஒரு சின்ன வெண்கலப் பீரங்கி கண்ணில் பட்டது. அக்கம்பக்கம் பார்த்தால், பாறையோடு பாறையாக ஒட்டிய கறுப்புக் கட்டிகள். பெயர்த்தெடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எல்லாம் வெள்ளிக் காசுகள்!

தனித்தனிக் காசுகள் அல்ல. ஒன்றோடு ஒன்று ஒட்டி, இறுகி, மூட்டை வடிவில் இருந்தன. காசுகளைப் பையில் கட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். கப்பல் உடைந்து பைகள் கடலடியில் விழுந்தன. காலப்போக்கில் பை மக்கிப் போனது. ஆனால் அதற்குள் காசுகள் இறுகிவிட்டதால் பையின் வடிவம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது! வெள்ளியைவிட எனக்கு இதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு காசின் எடை ஏறக்குறைய பதினொன்றரை கிராம். ஒரு மூட்டையில் சுமார் ஆயிரம் காசு. அப்படியானால் ஒரு மூட்டை என்ன எடை? பதினொன்றரை கிலோ. பள்ளிக்கூடப் பையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் என்று யாரோ முணுமுணுப்பது கேட்கிறது!

கட்டியின் வெளிப்புறம் கறுத்து அரித்திருந்தாலும் உள்ளே இருந்த காசுகள் புதுக் கருக்கு அழியாமல் இருந்தன. பாரசீக எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. முகலாய மன்னர் ஔரங்கசீப் காலத்து ரூபாய். அச்சிட்ட இடம் சூரத். ஆண்டு 1113. ஆயிரத்து நூற்றுப் பதின்மூன்றில் ஔரங்கசீப்பா என்று குழம்ப வேண்டாம். அது ஹிஜ்ரி ஆண்டு. நம் ஆங்கில நாட்காட்டிப்படி 1701 ஜூன் முதல் 1702 மே வரை வரும்.

பார்த்த காசுகள் எல்லாம் ஒரே ஊர், ஒரே ஆண்டு. இதில் இருந்து என்ன தெரிகிறது? கடைவீதியில் கைமாறிய காசாக இருந்தால் பல ஊர், பல ஆண்டு கலந்திருக்கும். இவை அச்சுச்சாலையில் இருந்து நேராகப் பைக்கு வந்த காசுகள். ஆகவே கப்பல் 1702-லோ அதை ஒட்டியோ மூழ்கியிருக்க வேண்டும். ஒரு காசு, தேதி போட்ட கடிதம் போலப் பேசுகிறது பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் முறை. நம் பூம்புகார்க் கடலில், 1991-ல், தேசியக் கடல் ஆய்வு நிறுவனத்தாரும் தமிழ்நாடு தொல்லியல் துறையினரும் ஆராய்ந்தபோது மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டார்கள். அதில் ஈயக் கட்டிகள் இருந்தன. கட்டிகளின் மேல் 'டபிள்யூ. பிளாக்கெட்' என்ற பெயரும், சிலவற்றில் 1791, சிலவற்றில் 1792 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. பிளாக்கெட் என்பது இங்கிலாந்தில் ஈயச் சுரங்கம் நடத்திய குடும்பம். அந்தக் கப்பல் 1791-ல் மூழ்கியிருக்க முடியுமா? பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காமல் யோசித்துச் சொல்லுங்கள். (முடியாது. 1792-ல் வார்த்த கட்டியை 1791-ல் மூழ்கிய கப்பலில் யார் ஏற்றுவது?)

இரண்டு ஆண்டு ரகசியம்

புதையல் கண்டவர்கள் அதை ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டார்கள். செய்தி வெளியே போனால் யார் யாரோ கடப்பாரையோடு வந்து விடுவார்களே! இடையில் 1962-ல் கிளார்க் கடும் நோயில் விழுந்து கை கால் அசைக்க முடியாமல் கிடந்தார். தேறி எழுந்த பிறகு, 1963-ல் மீண்டும் போனார்கள். இந்தத் தடவை பீட்டர் திராக்மார்ட்டன் என்ற கடலடித் தொல்லியல் அறிஞரும் உடன் வந்தார். துருக்கிக் கடலில், 3,000 ஆண்டுகளுக்கு முன்பு மூழ்கிய கப்பலை ஆராய்ந்த அனுபவம் உள்ளவர். அவர் வந்ததும் வேலையின் முறையே மாறியது. எது எங்கே கிடக்கிறது என்று அளந்து வரைபடம் போட்டார். பெரிய இரும்புப் பீரங்கிகள் பல, பாறையில் சுண்ணாம்புப் படிவு மூடிக் கிடந்தன. மேலும் வெள்ளிக் கட்டிகளும் கிடைத்தன. இந்தக் கதையைக் கிளார்க் 1964-ல் 'தி டிரெஷர் ஆஃப் தி கிரேட் ரீஃப்' என்ற நூலாக எழுதினார்.

அளந்து வரைவது ஏன் அவ்வளவு முக்கியம்? உங்கள் வகுப்பறையில் இருந்து எல்லாப் பைகளையும் எடுத்து மைதானத்தில் கொட்டிவிட்டால், எந்தப் பை யாருடையது, யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எப்படிச் சொல்வது? கப்பலும் அப்படியே. பீரங்கி கிடக்கும் இடம், நங்கூரம் கிடக்கும் இடம், சமையல் பானை கிடக்கும் இடம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கப்பல் எந்தப் பக்கமாக வந்து மோதியது, எவ்வளவு பெரியது என்று தெரியும்.

கடல் தின்னாத பொருள்

கடல் எதையும் சும்மா விடுவதில்லை. மரத்தைத் துளைத்துத் தின்ன ஓர் உயிர் இருக்கிறது. பார்க்கப் புழு போல இருந்தாலும் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. இரும்பு துருப்பிடித்து, மணலோடும் பவளத்தோடும் சேர்ந்து உருத்தெரியாத கட்டியாகிவிடும். வெள்ளி கறுக்கும். துணி போயே போய்விடும். தப்பிப் பிழைப்பவற்றில் முதலிடம் எதற்குத் தெரியுமா? தங்கத்துக்கு அடுத்தபடியாக, சுட்ட மண்ணுக்கு!

எங்கள் நல்லூர்ப் பிள்ளைகளுக்கு இது எளிதாகப் புரியும். பக்கத்திலேயே விருத்தாசலம், செராமிக் தொழில் நடக்கும் ஊர். பொம்மை, அகல் விளக்கு, மின்சாரப் பெட்டியில் செருகும் வெள்ளைப் பீஸ் கட்டை எல்லாம் சூளையில் வெந்து வருவதைப் பார்த்தவர்கள். நான் வேலையில் இருந்தபோது ஒருமுறை பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன். ஒரு பையன் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், இது எத்தனை நாளைக்குக் கெடாம இருக்கும்?" என்றான். "கீழே போடாத வரைக்கும்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவனுக்குச் சரியான விடை இந்தோனேசியக் கடலில் இருக்கிறது. 1998-ல் பெலித்துங் தீவுக்கு அருகே, கடல் அட்டை பிடிக்க மூழ்கியவர்கள் ஒரு கப்பலைக் கண்டார்கள். ஆணியே அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய கப்பல். ஏறக்குறைய 60,000 பொருள்கள். பெரும்பாலும் சீனாவில் சுட்ட கிண்ணங்கள். உடையாமல் இருக்கப் பெரிய சாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கிண்ணத்தில் இருந்த தேதி கி.பி. 826-ஐக் குறிக்கிறது. சில கிண்ணங்களின் மேல் பவளம் வீடு கட்டியிருந்தது. மற்றவை? கழுவி எடுத்துச் சோறு போட்டுச் சாப்பிடலாம் போல இருந்தன. 1,200 ஆண்டுகள்! சூளையின் பெருநெருப்பில் மண் உருகி ஒன்றோடு ஒன்று பிணைந்துவிடுகிறது. அதன்பின் தண்ணீரால் அதைக் கரைக்க முடிவதில்லை. அந்தக் கிண்ணங்களை இன்று சிங்கப்பூரில் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

எடுப்பதா, விடுவதா?

கண்டதை எல்லாம் மேலே கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டால் பத்திரம்தானே என்று தோன்றும். இலங்கையின் காலி துறைமுகத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

1659-ல் 'ஆவண்ட்ஸ்டர்' என்ற டச்சுக் கப்பல் அங்கே மூழ்கியது. பெயருக்கு 'மாலை நட்சத்திரம்' என்று பொருள். கரைக்கு மிக அருகில், ஆழமில்லாத இடத்தில் சேற்றில் புதைந்துவிட்டது. சேறு மூடியதால் மரம் தின்னும் உயிர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. 2001 முதல் இலங்கை ஆய்வாளர்கள், இளைஞர்கள் பலர் ஸ்கூபா கற்றுக்கொண்டு, பொறுமையாக அகழ்ந்தார்கள். கயிறு, கப்பி, சமையலறைச் செங்கல் எல்லாம் வந்தன. கடலில் இருந்து எடுத்த மரத்தை அப்படியே காயவிட்டால் வெடித்துவிடும். ஆகவே தொட்டிகளில் ஊற வைத்து, உப்பை நீக்கிப் பக்குவம் செய்தார்கள். அதற்கென்று கடற்கரையிலேயே ஒரு கூடம்.

2004 டிசம்பர் 26. சுனாமி அந்தக் கூடத்தை அடித்துக்கொண்டு போயிற்று. சேகரித்த பொருள்கள் பல போய்விட்டன. கடலடியில் மிச்சம் இருந்த கப்பலுக்கோ பெரிய சேதம் இல்லை! 340 ஆண்டுகளுக்கும் மேல் சேற்றுக்குள் பத்திரமாக இருந்தவை, கரைக்கு வந்த சில ஆண்டுகளில் போய்விட்டன. ஆனாலும் அளந்து எழுதிய குறிப்புகளில் பல தப்பின. பொருள் போனாலும் அது இருந்த இடம் காகிதத்தில் இருக்கிறது.

2001-ல் யுனெஸ்கோ கொண்டு வந்த கடலடிப் பண்பாட்டுச் சின்னங்கள் ஒப்பந்தம், முடிந்தவரை பொருளை அது கிடக்கும் இடத்திலேயே காப்பதுதான் முதல் வழி என்கிறது. பவளத்துக்கும் அது நல்லது. பவளம் கல் அல்ல. குண்டூசித் தலை போன்ற சிறு உயிர்கள் சேர்ந்து கட்டும் சுண்ணாம்பு வீடு. மூழ்கிய பீரங்கியின் மேல் ஒட்டிக்கொண்டு, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், வேகமாக வளரும் வகையானால் சில சென்டிமீட்டர் வளரும். பீரங்கியைப் பெயர்த்தால் அதன் மேல் குடியிருக்கும் அத்தனையும் போச்சு. நம் மன்னார் வளைகுடாவிலும் ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை தீவுகளைச் சுற்றிப் பவளம் உண்டு. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். இன்று பவளத்தை எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

ராவணன் கோட்டையில் கிடைத்த வெள்ளி எங்கே புறப்பட்டது என்று தெரிந்துவிட்டது. எந்த ஆண்டு என்றும் தெரிந்துவிட்டது. சூரத்தில் மூட்டை கட்டியவர்கள், அதை யாருக்கு அனுப்பினார்கள்? கப்பலில் இருந்தவர்கள் யாராவது நீந்திக் கரை சேர்ந்தார்களா? அந்தக் கப்பலின் பெயரை இன்றுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. இரும்புப் பீரங்கிகள் பவளம் போர்த்திக்கொண்டு பாறை இடுக்கில் கிடக்கின்றன. ஆண்டுக்குச் சில வாரங்கள் கடல் அடங்கும்போது, அவற்றின் மேல் மீன்கள் வட்டமிடுவது தெரியும்.